அண்டம் எப்படித் தொடங்கியது? செட்டிநாட்டு மொட்டைமாடிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளிலும் மொட்டைமாடிகளிலும் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுவதுண்டு. சனியின் வளையத்தைப் பார்த்து முடித்ததும் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: இதெல்லாம் எப்போது, எப்படி உண்டானது? பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களைக் கூட்டிவந்த அப்பத்தாக்களும் ஆயாக்களும் அதைவிடக் கூர்மையாகக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த எண் எப்படித் தெரிந்தது என்பதையும் கூடவே எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அண்டவியல் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அண்டவியல் என்றால் வானியல்தானே?

வானியலின் ஒரு கிளை. விண்மீன், கோள், வால்மீன் என்று தனித்தனியாகப் பார்க்காமல், அண்டம் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு அதன் வயது என்ன, எவ்வளவு சூடு, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது. ஐன்ஸ்டைன் 1915-இல் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாட்டை எழுதி முடிக்கும்வரை இந்தக் கேள்விகளைக் கணக்காகப் போடவே வழியில்லை. ஆகவே துறைக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றின் வயதும் அதுதான்.

தூரத்தைப் பார்த்தால் பழைய காலம் தெரியும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஒளி நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதற்கும் பயண நேரம் உண்டு. நிலவின் ஒளி வந்துசேர 1.3 நொடி, சூரிய ஒளிக்கு 8 நிமிடம் 20 நொடி.

இதை நீங்களே பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் மழை விட்டு வானம் தெளிந்த ஓர் இரவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, ஊர் விளக்கு எட்டாத கண்மாய்க் கரைக்குப் போங்கள். எட்டு மணி வாக்கில் வடக்கு முகமாக நின்றால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதியைத் தாண்டிய உயரத்தில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் இருக்கும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு நீள்வட்டத் திட்டு. உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் தெரியும், ஏனென்றால் மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அது கிளம்பியபோது நம் மனித இனமே பூமியில் தோன்றியிருக்கவில்லை.

இன்னும் தூரம் போகப் போக இன்னும் பழைய காலம் தெரியும். மற்ற வரலாற்றாசிரியர்கள் மிஞ்சியிருக்கும் தடயங்களை வைத்துக் கடந்த காலத்தை ஊகிக்க வேண்டும். அண்டவியலாளர்களுக்கு மட்டும் கடந்த காலத்தையே நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

அண்டம் விரிகிறது என்று யார் கண்டது?

பாடப்புத்தகத்தில் ஹப்பிள் பெயர் மட்டும் இருக்கும். வேலை பல பேருடையது.

முதலில் ஹென்றியெட்டா லெவிட். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில், பெரு நாட்டின் அரெக்கிப்பாவிலிருந்து எடுத்து அனுப்பிய கண்ணாடித் தட்டுப் படங்களை உருப்பெருக்கியால் பார்த்து, விண்மீன்களின் ஒளி ஏறி இறங்குவதைக் குறிப்பதுதான் அவர் வேலை. சிறிய மெகல்லன் முகில் என்ற விண்மீன் கூட்டத்தில் இருந்த சிஃபீட் வகை விண்மீன்கள் 25-ஐ எடுத்துக்கொண்டு, எந்த விண்மீன் மெதுவாக ஏறி இறங்குகிறதோ அது உண்மையில் அதிகப் பிரகாசம் உள்ளது என்று 1912-இல் காட்டினார். இது பெரிய விஷயம். ஏறி இறங்கும் நாள்கணக்கைப் பார்த்தே ஒரு விண்மீனின் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு அதை ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். (அந்த முகில் நம் காரைக்குடியிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் ஏழு டிகிரிதான் எழும்பும், பனைமரமும் தூசியும் மறைத்துவிடும். அதன் அண்ணனான பெரிய மெகல்லன் முகில் சுமார் பத்து டிகிரி வரை வரும். தை மாத இரவில், தெற்கே வெட்டவெளி உள்ள இடத்தில் முயன்று பார்க்கலாம்.)

அதே 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் விண்மீன் மண்டலங்களின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுக்கத் தொடங்கினார். ஹைட்ரஜன் தரும் ஒரு சிவப்புக் கோடு ஆய்வகத்தில் எப்போதும் 656 நானோமீட்டரில்தான் விழும். தூரத்து மண்டலம் ஒன்றில் அது 722-இல் விழுந்தால், அலைநீளம் 10 சதவீதம் நீண்டிருக்கிறது. இதுதான் செந்நகர்வு. ஸ்லைஃபர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படி நீண்டிருந்தன, அதாவது நம்மைவிட்டு விலகிப்போகின்றன.

எட்வின் ஹப்பிள் 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்தார். தட்டில் ஒரு புள்ளியை முதலில் நோவா (திடீரெனப் பிரகாசமாகும் விண்மீன்) என்று குறித்தவர், பிறகு அதை அடித்துவிட்டு மாறும் விண்மீன் என்று எழுதி, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டார். அது லெவிட் சொன்ன சிஃபீட். ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெகு வெளியே இருப்பது அதனால் உறுதியானது. 1929-இல் அவர் தூரத்தையும் விலகும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்தார்: தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு.

இதற்கு முன்பே ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃபிரீட்மன் 1922-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அண்டம் விரியலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெய்த்ர், கத்தோலிக்கப் பாதிரியார், 1927-இலேயே கணக்கையும் தரவையும் சேர்த்து இந்த விதியை எழுதிவிட்டார். அதனால்தான் 2018 முதல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதை ஹப்பிள்–லெமெய்த்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைக்கிறது.

எல்லாம் நம்மைவிட்டு விலகுகிறது என்றால் நாம்தான் மையமா? பெருவெடிப்பு என்கிறார்களே, வெடித்த இடம் எங்கே?

வாசலில் வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சாண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் தரையே இழுபட்டு எல்லா இடைவெளியும் இரண்டு சாணாகிறது. ஏதாவது ஒரு புள்ளியில் நின்று பாருங்கள். பக்கத்துப் புள்ளி ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும், அதற்கடுத்தது இரண்டு சாண், அதற்கும் அடுத்தது மூன்று சாண். தூரத்துக்கு ஏற்ற வேகம், அதாவது ஹப்பிள் வரைந்த அதே விதி. இப்போது வேறொரு புள்ளிக்கு மாறி நின்றாலும் இதேதான் தெரியும். கோலத்துக்கு ஓரம் உண்டு என்பதோடு இந்த ஒப்பீட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். அண்டத்துக்கு ஓரம் இருப்பதாக எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை.

ஆகவே வெடித்த இடம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. காலியான வெளியில் எங்கோ ஒரு குண்டு வெடித்துச் சிதறியதாக நினைத்தால் எல்லாக் கணக்கும் தப்பிப்போகும். பெருவெடிப்பு என்று நாம் சொல்லும் அந்தத் தொடக்கத்தில் நெருக்கமும் சூடும் அண்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இருந்தன. நீங்கள் நிற்கும் இடமும் அதில் ஓர் இடம்தான்.

அப்படியானால் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே உள்ள தூரமும் கூடுகிறதா?

இல்லை. ஈர்ப்பாலும் அணுக்களின் பிணைப்பாலும் கட்டுண்ட எதுவும் விரிவதில்லை. பூமி, சூரியக் குடும்பம், பால்வெளி எல்லாம் அப்படியே. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி நொடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டேகூட இருக்கிறது. விரிவு தெரிவது மண்டலக் கூட்டங்களுக்கு இடையேயான மாபெரும் தூரங்களில்தான்.

அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

விரியும் வேகம் தெரிந்தால், படத்தைப் பின்னோக்கி ஓட்டி எல்லாம் நெருங்கியிருந்த காலத்தைக் கணக்கிடலாம். ஹப்பிளின் முதல் அளவீடு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு சுமார் 500 கிலோமீட்டர் என்று வந்தது. அதன்படி அண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள்தான். பாறைகளில் உள்ள யுரேனியத்தை வைத்துப் பார்த்தால் பூமியே அதைவிட மூத்தது! பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்க முடியாதே. இந்தச் சங்கடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சிஃபீட்களில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் கலந்துவிட்டோம் என்று வால்டர் பாடே 1952-இல் சொன்ன பிறகுதான் தூரங்கள் இரட்டிப்பாகி, வயதும் ஏறத் தொடங்கியது.

இன்றைய 1,380 கோடி முக்கியமாக அடுத்து சொல்லப்போகும் நுண்ணலை ஒளியின் வரைபடத்திலிருந்து வருகிறது. மிக மூத்த விண்மீன்களின் வயதும் அதை ஒட்டியே, அதற்குள் அடங்கி வருகிறது. இரண்டு தனித்தனி வழிகள் ஒத்துப்போவதால்தான் இந்த எண்ணை நம்பிச் சொல்கிறேன்.

முன்பு அண்டம் கொதித்துக்கொண்டிருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

அந்தக் கொதிப்பின் ஒளியே இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி இந்தத் துறையில் இல்லை.

தொடக்கத்தில் எலக்ட்ரான்கள் அணுவில் ஒட்டாமல் தனித்துத் திரிந்தன. அவற்றில் மோதி மோதி ஒளி எங்கும் நேராகப் போக முடியவில்லை. விரிந்து ஆறி, சுமார் 3,80,000 ஆண்டில் வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு இறங்கியதும் எலக்ட்ரான்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாயின. அண்டம் ஊடு தெரியும்படி தெளிந்தது. அன்று விடுபட்ட செம்மஞ்சள் ஒளி, வழியெல்லாம் அண்டம் விரிந்ததால் சுமார் 1,100 மடங்கு நீண்டு, நுண்ணலையாக இன்று நம்மை அடைகிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். உங்கள் உள்ளங்கையைக் குவித்தால் அதற்குள் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 411 போட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், அந்தக் காலத்தவை. கூரை ஆண்டெனா வைத்த பழைய டி.வி.யில் நிலையம் இல்லாதபோது கொசகொசவென்று ஓடுமே, அதில் ஒரு சிறு பங்கு இதுதான்.

ஜார்ஜ் காமோவோடு வேலை பார்த்த ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-இலேயே இப்படி ஓர் எச்சம் 5 கெல்வின் வாக்கில் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். யாரும் தேடிப்போகவில்லை. 1964-இல் நியூஜெர்சியின் ஹோம்டெல் ஊரில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் ஊதுகொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றை அளந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஓர் இரைச்சல். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலோ இரவோ, எந்தப் பருவமோ, மாறவே இல்லை. உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, இணைப்புகளுக்கு அலுமினிய நாடா ஒட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. பக்கத்துப் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு அதே ஒளியைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது தெரியவந்து, 1965-இல் இரண்டு தரப்பும் சேர்ந்து அறிவித்தன. பென்சியாஸ், வில்சனுக்கு 1978-இல் நோபல் பரிசு.

1989-இல் ஏவிய கோபி செயற்கைக்கோள் இந்த ஒளியின் நிறமாலையை அளந்தது. 1990 ஜனவரியில் அந்த வரைபடத்தை மேடையில் காட்டியபோது, கோட்பாட்டுக் கோடும் அளந்த புள்ளிகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கூடியிருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1992-இல் அதே கோள், ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு இருப்பதைக் காட்டியது. சற்று அடர்ந்த அந்த இடங்கள்தான் பின்னால் ஈர்ப்பால் பொருளைச் சேர்த்து விண்மீன் மண்டலங்களாயின. 2009-இல் போன பிளாங்க் செயற்கைக்கோள் அந்த ஏற்றத்தாழ்வுகளை இன்னும் நுணுக்கமாக வரைந்து கொடுத்தது.

முதல் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பென்சில் எடுத்து இதைச் சரிபார்க்கலாம்.

முதல் நொடி வாக்கில் வெப்பம் சுமார் 1,000 கோடி டிகிரி. அதுவரை புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருந்தன. ஆற ஆற அந்த மாற்றம் நின்றுபோனது. நியூட்ரான் சற்று கனமானது என்பதால் எண்ணிக்கையில் குறைவு: ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான். தனியாக விடப்பட்ட நியூட்ரானின் சராசரி ஆயுள் 15 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அணுக்கருவாகச் சேரும் அளவுக்கு ஆறுவதற்குள், அடுத்த சில நிமிடங்களில், சில நியூட்ரான்கள் சிதைந்து விகிதம் ஏழுக்கு ஒன்றானது.

இப்போது கணக்கு. 14 புரோட்டான், 2 நியூட்ரான் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16. இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஹீலியம் கரு ஆகின்றன, எடை 4. மிச்சம் 12 புரோட்டான் ஹைட்ரஜனாகவே நிற்கும். 16-இல் 4 என்றால் எடையில் 25 சதவீதம் ஹீலியம். விண்மீன்கள் அதிகம் கலக்காத பழைய வாயுவை அளந்தால் அதே கால் பங்கு ஹீலியம் வருகிறது!

சுமார் 20 நிமிடத்தில் சமையல் முடிந்துவிட்டது. கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் வெகு பின்னால் விண்மீன்களுக்குள் உண்டானவை. உங்கள் ஊருணித் தண்ணீரில் ஆக்சிஜன் விண்மீன் தந்தது. ஹைட்ரஜன் கரு அந்த முதல் நிமிடங்களிலிருந்து வருவது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் டியூட்டீரியமும் (கருவில் ஒரு நியூட்ரான் கூடிய கனமான ஹைட்ரஜன்) இருக்கும். விண்மீன்கள் டியூட்டீரியத்தை அழிக்குமே தவிர உண்டாக்கிச் சேர்ப்பதில்லை என்பதால், அதுவும் தொடக்க கால மிச்சம்தான்.

ஒரு குறை இருக்கிறது. லித்தியத்தின் அளவு கணக்கில் வருவதைவிட மூத்த விண்மீன்களில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஏன் என்பது இன்னும் தீரவில்லை.

இருண்ட பொருள் என்பது கண்ணில் படாததற்கு வைத்த பெயர்தானே? அதை ஏன் நம்ப வேண்டும்?

கண்ணில் படாவிட்டாலும் அதன் ஈர்ப்பு படுகிறது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933-இல் கோமா மண்டலக் கூட்டத்தைப் பார்த்து, தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்த வேகத்தில் ஓடும் மண்டலங்கள் சிதறிப்போயிருக்க வேண்டுமே என்றார். 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா தொடங்கிப் பல மண்டலங்களின் சுழற்சியை அளந்தார்கள். வெளி ஓரத்து விண்மீன்கள் மெதுவாகச் சுற்றும் என்று எதிர்பார்த்தால், உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே அவையும் சுற்றின. நுண்ணலை வரைபடமும், ஈர்ப்பால் ஒளி வளைவதும் தனித்தனியாக அதே அளவைத்தான் கேட்கின்றன. கணக்கின்படி அண்டத்தில் சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் 27, இருண்ட ஆற்றல் 68.

அது என்ன துகள் என்று பிடிபடவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடிய தங்கச் சுரங்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதுவரை வலையில் எதுவும் விழவில்லை.

இருண்ட ஆற்றல்?

இதில் நம் சந்திரசேகருக்கு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, எரிந்து முடிந்த வெள்ளைக் குறுவிண்மீன் தன் எடையைத் தாங்குவதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அந்த வரம்பை நெருங்கும் குறுவிண்மீன் வெடிப்பது ஒருவகை சூப்பர்நோவா. ஏறக்குறைய ஒரே எடையில் வெடிப்பதால் பிரகாசமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தூரம் அளக்க வசதியானது.

1990-களில் இரண்டு குழுக்கள் இந்த சூப்பர்நோவாக்களைத் தேடி, 1998-இல் முடிவை அறிவித்தன. ஈர்ப்பு பிடித்து இழுப்பதால் விரிவு மெல்ல மெல்லக் குறைந்துவருவதை அளக்கப் போனார்கள். தூரத்து வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு வேகம் கூடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல். அப்படித் தள்ளுவதற்கு வைத்த பெயர்தான் இருண்ட ஆற்றல். அது வெற்றிடத்தின் மாறாத ஆற்றலா, காலத்தோடு மாறுவதா என்பது இன்றைய பெரிய கேள்வி. அரிசோனாவிலிருந்து விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி ஆய்வு 2024, 2025-இல் வெளியிட்ட முடிவுகள் அது மெல்லக் குறையலாம் என்று சாடை காட்டுகின்றன. நிலைநாட்டப்பட்டதாக எடுத்துக்கொள்ளும் காலம் வரவில்லை.

"ஏம்ப்பா தம்பி, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

கோட்டையூரில் ஓர் ஆச்சி கேட்டது. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: "ஆச்சி, முதல் நொடியிலிருந்து அளந்து வைத்த கணக்கு இருக்கு. அதுக்கும் முன்னாடி போகப் போக யோசனைதான் ஜாஸ்தி, சாட்சி கம்மி."

கொஞ்சம் விரித்தால்: வானத்தின் எதிரெதிர் மூலைகள் ஒன்றோடொன்று தொடர்பே கொள்ள நேரமில்லாதபோதும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. இதை விளக்க 1980 வாக்கில் அலெக்சி ஸ்டாரொபின்ஸ்கியும் ஆலன் கூத்தும் ஒரு கருத்தைக் கொண்டுவந்தார்கள். புள்ளிக்குப் பின் முப்பதுக்கு மேல் சுழியம் போட்டு எழுத வேண்டிய அளவு சின்ன நொடிப் பின்னத்தில் அண்டம் தாறுமாறாக வீங்கியது என்பது அது. பெருவீக்கம் என்கிறோம். நுண்ணலை ஒளியின் ஏற்றத்தாழ்வுகள் இந்தக் கருத்தோடு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் அது விட்டுச்சென்றிருக்க வேண்டிய ஈர்ப்பு அலைகளின் தடம் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்துத் தொலைநோக்கி ஒன்று கண்டுவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அது பெரும்பாலும் நம் பால்வெளித் தூசியின் ஒளி என்று தெளிந்தது.

அதற்கும் முன்? கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் எழுதிய சமன்பாட்டை வைத்து, பொதுச் சார்பியல் மட்டும் இருந்தால் பின்னோக்கிப் போகும்போது கணக்கு முறிந்துவிடும் ஓர் இடம் தவிர்க்க முடியாமல் வரும் என்று பென்ரோஸும் ஹாக்கிங்கும் காட்டினார்கள். அந்த இடத்தில் ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்த்த கோட்பாடு வேண்டும். அது இன்னும் கையில் இல்லை. அந்தச் சூழ்நிலையில் "சூனியத்திலிருந்து வந்தது" என்று அடித்துச் சொல்பவரையும், "வரவே முடியாது" என்று அடித்துச் சொல்பவரையும் நான் ஏற்பதில்லை.

நம் பழம்பாடல்களிலேயே கோடிக்கணக்கான அண்டங்கள் விரிந்ததைப் பாடியிருக்கிறார்களே?

பாடியிருக்கிறார்கள். அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்க்கும். பூமியை நடுவில் வைத்துப் பெரும்பாலோர் யோசித்த காலத்தில் அவ்வளவு பெரிய பரப்பை மனத்தில் கொண்டது சாதாரணமில்லை. ஆனால் அவற்றில் 2.725 இல்லை, கால் பங்கு ஹீலியம் இல்லை, தப்பா சரியா என்று சோதிக்கும் வழி சொல்லப்படவில்லை. அந்தப் பாடல்களை அறிவியலுக்குச் சாட்சியாக நிறுத்தினால் பாட்டுக்கும் நியாயம் செய்யவில்லை, அறிவியலுக்கும் நியாயம் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

தவறான செய்தி. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி, முதல் 30 கோடி ஆண்டுக்குள்ளேயே பிரகாசமான மண்டலங்கள் இருந்ததைக் காட்டியது. விண்மீன்கள் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு செழிப்பாக உருவாகும் என்று எதிர்பார்க்கவில்லை. மண்டலங்கள் பிறக்கும் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. நுண்ணலை ஒளியும் ஹீலியமும் விரிவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நிஜமான தகராறு வேறு இடத்தில். நுண்ணலை வரைபடத்திலிருந்து கணக்கிட்டால் விரிவு வேகம் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர். சிஃபீட், சூப்பர்நோவா வழியாக அளந்தால் 73. இரண்டு பக்கமும் பிழையைத் தேடித் தேடிப் பார்த்தும் இடைவெளி மூடவில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டு. பெருமையாகச் சொல்லலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. 24 பரவளைய இரும்புச் சட்டங்களின்மேல், முழு நீளத்துக்கும் 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இடத் தேர்வுதான் சாமர்த்தியம். ஊட்டி இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். அந்தச் சரிவின் சாய்மானமும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. உருளையை ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு பொருளைத் தொடர்ந்து பத்து மணி நேரம் வரை பின்தொடரலாம்.

அதை வைத்து நிலவு ரேடியோ மூலங்களை மறைக்கும் நொடியை அளந்தார்கள். நிலவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், சமிக்ஞை மங்கும் விதத்திலிருந்து மூலத்தின் கோண அளவு கிடைத்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கானவற்றை அளந்து, 1970-களின் நடுவில் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு, அண்டம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு வலு சேர்த்தது. அண்டம் எக்காலத்தும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நிலைமாறாக் கோட்பாட்டுக்கு அது எதிர்சாட்சி. அந்தக் கோட்பாட்டை ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து வளர்த்தவர் நம் நாட்டின் ஜயந்த் நார்லிகர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு தரப்பிலும் நல்ல வாதம் நடந்தது.

இன்னொன்று பெங்களூரில். முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன் 1,420 மெகாஹெர்ட்ஸில் விட்ட சமிக்ஞை, நீண்டு நீண்டு இன்று எஃப்.எம். வானொலிப் பக்கத்து அலைவரிசையில் வந்து விழ வேண்டும். 2018-இல் ஆஸ்திரேலியாவிலிருந்த ஒரு கருவி 78 மெகாஹெர்ட்ஸில் அதைக் கண்டதாக அறிவித்தது. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சாரஸ் குழு, அடியில் உள்ள மண் அடுக்குகள் அளவைக் கெடுக்காமலிருக்க, ஆண்டெனாவைக் கர்நாடகத்து நீர்நிலைகளில் மிதக்கவிட்டு அளந்தது. 2022-இல் அவர்கள் சொன்ன முடிவு: அந்தச் சமிக்ஞை அங்கே இல்லை.

கடைசியில் அண்டம் என்ன ஆகும்?

இருண்ட ஆற்றல் இன்றுபோலவே நீடித்தால் விரிந்துகொண்டே போகும், விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணையும், குளிரும். சூரியனுக்கே இன்னும் 500 கோடி ஆண்டு எரிபொருள் இருக்கிறது. அவசரமில்லை.

பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், இதைத்தான் படிப்பேன் என்கிறாள். என்ன வழி?

விடுங்கள், படிக்கட்டும். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. அறிவியல் படித்தால் என்ன ஆகும் என்று இங்கே கேட்பது பொருந்தாது.

ஒரு வழி, பக்கத்திலேயே இளங்கலை இயற்பியல் படித்து, முதுகலை அறிவியலுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் முதுகலை. அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே முதுகலை இயற்பியல் உண்டு. மற்றொரு வழி, பன்னிரண்டாவது முடித்ததும் திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்களுக்கான (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு. ஆராய்ச்சி என்று வரும்போது சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், புனேயில் நார்லிகர் தொடங்கிய ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம், பெங்களூரில் ராமன் நிறுவனம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம். எங்கே போனாலும் கணிதம் கைவர வேண்டும், கணினியில் நிரல் எழுதத் தெரிய வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்லோன் வான ஆய்வு லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் நிறமாலையை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விண்மீன் பிறப்பு நடக்கும் நாலைந்து சுருள் மண்டலங்களை எடுத்து, ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டைத் தேடிப் பிடித்து, அது விழும் அலைநீளத்தை 656.3-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் செந்நகர்வு. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விலகும் வேகம் நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும், செந்நகர்வு 0.1-க்குள் இருக்கும்வரை அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். வேகத்தை 70-ஆல் வகுத்து 32.6 லட்சத்தால் பெருக்கினால் ஒளியாண்டில் தூரம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.